அடுக்களை இருந்த தளம்

பாத் நகரத்தில் விற்பனைக்கு வரும் தோட்டத்து வீடு ஒன்றைச் சோதிக்கப் போகும் கட்டட ஆய்வாளர் முதலில் பார்ப்பது கூரையை. வீடு இருப்பதோ கட்டடத்தின் அடித்தளத்தில். அதன் தலைமேல் நான்கு தளங்கள், அவற்றில் வேறு நான்கு குடும்பங்கள். இருந்தாலும் எதிர்ச்சாரி நடைபாதையில் நின்று, புகைபோக்கிகளின் சாய்வு, உச்சிக் கைப்பிடிச்சுவரின் கறை, மழைநீர்க் குழாய்கள் இறங்கி வரும் தடம் எல்லாவற்றையும் தொலைநோக்கியில் பார்த்து முடித்த பிறகுதான் இவர் படியிறங்கி மணியை அழுத்துவார். இங்கிலாந்தின் தென்மேற்கில் இருக்கும் இந்த நகரத்திலேயே தொழில் கற்று, இங்கேயே தலை நரைத்தவர். தொழில் பழக்கிய மூத்தவர் இவருக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடமும் இதுதான்: வீட்டைப் பார்க்காதே, கட்டடத்தைப் பார்.

கூரை எதற்கு? காரணம் இரண்டு. பாத் நகரத்துப் பழைய வீடுகள் பலவற்றில் கூரை முன்னும் பின்னுமாக இரண்டு முகடுகளாக இருக்கும். நடுவே ஒரு பள்ளம். முன்பக்கச் சரிவின் நீரைத் தெருப்பக்கம் விட்டால் முகப்பின் அழகு கெடும் என்று, ஈயத் தகடு பதித்த கால்வாய் வழியாக, மேல்மாடியின் ஊடாகவே பின்பக்கம் கொண்டுபோய் இறக்கினார்கள். அதாவது வீட்டுக்குள்ளேயே ஓடும் வாய்க்கால். அதில் காய்ந்த இலையோ இறந்த புறாவோ அடைத்துக்கொண்டால் நீர் சுவருக்குள் இறங்கும். அது எங்கே வெளிப்படும் என்று யாரும் சொல்ல முடியாது. மூன்று தளம் கீழே, அடுப்படி மூலையிலும் வரலாம். இரண்டாவது காரணம் பணம். அடித்தள வீட்டுக்காரரின் பத்திரத்தைப் பிரித்தால், கூரைச் செலவில் ஐந்தில் ஒரு பங்கு அவர் தலையில் என்று எழுதியிருக்கும். தோட்டத்துக்காக வீடு வாங்குகிறவர் கூரையையும் சேர்த்தே வாங்குகிறார்.

இந்த வீடுகள் எப்படி வந்தன என்பது தெரிந்தால்தான் அவற்றின் நோயும் தெரியும். 18ஆம் நூற்றாண்டில் வெந்நீர் ஊற்றுக்காகவும் கேளிக்கைக்காகவும் இங்கிலாந்தின் பணக்காரர்கள் பருவம்தோறும் பாத் நகரத்தில் வந்து தங்கினார்கள். அவர்களுக்கு வாடகைக்கு விடுவதற்காக எழுந்தவைதான் இந்த வரிசை வீடுகள். கல்லை, ஊருக்குத் தெற்கே கூம் டவுன் குன்றிலிருந்த தன் சுரங்கங்களிலிருந்து ரால்ஃப் ஆலன் கொடுத்தார். கட்டடக் கலைஞர் ஜான் வுட் குவீன் ஸ்கொயரைக் கட்டி முடித்து, 1754-இல் சர்க்கஸ் என்ற வட்டத் தெருவுக்குக் கால்கோள் செய்த அதே ஆண்டில் இறந்துபோனார். அதே பெயருள்ள அவர் மகன் அதை முடித்து, 1767-க்கும் 1775-க்கும் இடையில் ராயல் கிரசென்ட்டையும் கட்டினார். பிறைவடிவில் 30 வீடுகள், 114 தூண்கள்.

தந்தையும் மகனும் முகப்பை மட்டும்தான் வரைந்து கொடுத்தார்கள் என்பது பலருக்குத் தெரியாது. இத்தனை அடி நீள முகப்பு என்று அளந்து ஒருவர் மனை எடுப்பார். முகப்பு வரைபடத்தில் உள்ளபடி இருந்தாக வேண்டும். பின்னால் தன் கொத்தனாரை வைத்து விருப்பம்போல் கட்டிக்கொள்ளலாம். அதனால் ராயல் கிரசென்ட்டை முன்னால் நின்று பார்த்தால் ஒரே அரண்மனை. பின்னால் போய்ப் பார்த்தால் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு உயரம், ஒரு கூரை, ஒரு ஜன்னல் ஒழுங்கு. தோட்டத்து வீடுகள் இந்தப் பின்பக்கத்தைப் பார்த்தே இருக்கின்றன. ஒரு வீட்டில் தெரிந்துகொண்டதை வைத்து அடுத்த வீட்டை எடை போட முடியாது என்பதை ஆய்வாளர்கள் இங்கே சீக்கிரமே கற்றுக்கொள்கிறார்கள்.

இன்னொரு விஷயம் தெருவைப் பற்றியது. பாத் நகரத்துத் தெருக்கள் பலவும் பொள்ளல். வீடுகளின் முன்னே வில்வளைவு அறைகளை வரிசையாகக் கட்டி, அவற்றின் மேல் மண்ணும் கல்லும் பரப்பித் தெருவை ஒரு தளம் உயர்த்தினார்கள். தெருவிலிருந்து பார்க்கும்போது வீட்டின் அடித்தளம் பூமிக்குள் இருப்பதுபோல் தோன்றும். பின்பக்கம் போனால் அதே தளம் தோட்டத்தோடு சமமாக நிற்கும், ஏனென்றால் பழைய தரைமட்டம் அதுதான். தெருவுக்கும் வீட்டுக்கும் இடையே இரும்பு வேலி போட்ட ஒரு பள்ள முற்றம். அதன் எதிர்ச்சுவரில் வில்வளைவு அறைகளின் கதவுகள். நிலக்கரி வண்டிக்காரர் நடைபாதையில் உள்ள வட்ட மூடியைத் திறந்து கரியைக் கொட்டுவார். அது நேராக அறைக்குள் விழும். இன்று அந்த அறைகளில் சைக்கிளும் பெயின்ட் டப்பாவும் கிடக்கின்றன. ஆனால் மேலே வண்டி ஓடும் தெரு. தெருவுக்கடியில் இருக்கும் இத்தகைய அறைகளை நல்ல நிலையில் வைத்திருக்க வேண்டியவர் உரிமையாளரோ குடியிருப்பவரோதான் என்று 1980-ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டம் சொல்கிறது. இதைக் கேட்டதும் வாங்க வந்தவர்களின் முகம் மாறுவதை இவர் பலமுறை பார்த்திருக்கிறார்.

அந்தத் தளத்தில் முன்பு இருந்தது அடுக்களை. பாத்திரம் தேய்க்கும் அறை, இறைச்சியும் பாலும் வைக்கும் குளிரறை, வேலைக்காரர்கள் சாப்பிடும் கூடம், மேலிருந்து கம்பி இழுத்தால் ஒலிக்கும் மணிகளின் வரிசை. ராயல் கிரசென்ட்டின் முதல் வீடு 1970 முதல் அருங்காட்சியகமாக இருக்கிறது. நெடுநாள் பிரிந்து கிடந்த அதன் வேலைக்காரர் பகுதியை 2013-இல் மீண்டும் சேர்த்துத் திறந்தார்கள். தோட்டத்து வீடு வாங்க நினைப்பவர்களை முதலில் அங்கே போய் அடுக்களையைப் பார்த்துவிட்டு வரச் சொல்வது இவர் வழக்கம். பெரிய அடுப்பு, கல் பாவிய தரை, சுண்ணாம்பு அடித்த சுவர். அந்த அடுப்பு ஆண்டு முழுவதும் அணையாது. அதன் சூடும், புகைபோக்கி இழுக்கும் காற்றும், சரியாகப் பொருந்தாத ஜன்னல்களின் இடுக்கும் சேர்ந்து சுவரின் ஈரத்தை அன்றாடம் வெளியேற்றிக்கொண்டிருந்தன. ஈரம் அன்றும் இருந்தது. அது போகவும் வழி இருந்தது.

வழி இல்லாத இடத்தில் அன்றைக்கே ஆட்கள் ஓடினார்கள். 1801-இல் ஜேன் ஆஸ்டின் குடும்பம் பாத் நகரத்தில் வாடகைக்கு வீடு தேடியபோது, ஆற்றோரத் தாழ்நிலத்தில் இருந்த கிரீன் பார்க் கட்டடங்களையும் பார்த்தது. காலியாகி ஒரு வாரமே ஆன வீட்டின் கீழ்த்தள வேலையறைகளில் ஈரம் நிற்பதையும், முன்பு அங்கே குடியிருந்தவர்களின் காய்ச்சலையும் மனக்குறையையும் சொல்லி, அந்த எண்ணத்தைக் கைவிட்டதாக அக்காவுக்குக் கடிதம் எழுதினார் ஜேன். நாவலாசிரியை செய்தது சரியான சோதனை என்பார் இவர். அடுப்பு அணைந்து ஒரு வாரத்தில் சுவர் தன் உண்மையைச் சொல்லிவிடுகிறது.

முழு வீடுகள் துண்டானது பெரும்பாலும் 20ஆம் நூற்றாண்டில். வேலைக்காரர்கள் இல்லாமல் ஐந்து தள வீட்டை நடத்த முடியவில்லை. 1942 ஏப்ரல் கடைசியில் ஜெர்மன் விமானங்கள் நகரத்தின் மேல் குண்டு பொழிந்தபோது நானூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ராயல் கிரசென்ட்டிலேயே இரண்டு வீடுகள் உள்ளே எரிந்துபோயின. போருக்குப் பிறகு வீட்டுப் பற்றாக்குறை. தளத்துக்கு ஒரு குடித்தனம் என்று பிரித்தார்கள். ராயல் கிரசென்ட்டின் 30 வீடுகளில் இன்று முழு வீடாக இருப்பவை 10, பிரிக்கப்பட்டவை 18. அந்தப் பிரிப்பு வேலைகளில் பலவும் அவசரத்தில், சிக்கனத்தில் நடந்தன. கழிவுக் குழாய்கள் வெளிச்சுவரில் கொடிபோல் படர்ந்தன. அடுப்பு வாய்கள் பலகையால் மூடப்பட்டன. அடுக்களையின் கல்தரைமேல் பிளாஸ்டிக் தாளும் அதன்மேல் விரிப்பும் வந்தன. சுண்ணாம்புக் காரையைச் செதுக்கிவிட்டு சிமெண்டு பூசினார்கள்.

அந்தச் சிமெண்டில்தான் இவர் தொழில் வாழ்க்கையின் பாதி கழிந்தது.

இந்தச் சுவர்களின் கட்டுமானத்தைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும். வெளிமுகத்தில் செதுக்கிய பாத் கல். அது சுரங்கத்திலிருந்து வரும்போது ரம்பத்தால் அறுக்கும் அளவுக்கு மென்மையான சுண்ணக்கல். உள்ளே கோணல்மாணலான கல்லும் சுண்ணாம்புக் கலவையும். அரை மீட்டருக்கு மேல் கனம். நவீனக் கட்டடத்தில் தரையோரம் வைக்கும் ஈரத்தடுப்புப் பட்டை இதில் கிடையாது. அந்த வழக்கமே 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் பரவியது. மண்ணிலிருந்து கொஞ்சம் ஈரம் ஏறும். சுண்ணாம்புப் பூச்சு அதை உறிஞ்சி இரு பக்கமும் காற்றில் விடும். சிமெண்டு பூசியதும் அந்த வழி அடைபட்டது. ஈரம் மறையவில்லை. பூச்சின் பின்னாலேயே மேலேறி, சிமெண்டு முடியும் உயரத்துக்கு மேலே வந்து வெளிப்படும். அங்கே பூச்சு பொரியும், பெயின்ட் உரியும், உப்புப் பூக்கும். பார்த்த வீட்டுக்காரர் இன்னும் உயரமாகச் சிமெண்டு பூசச் சொல்வார். பூசி மெழுகுவதற்கு இதைவிட நேரடியான உதாரணம் இல்லை.

அடுத்து வந்தது ஊசி மருந்து. சுவரின் அடியில் ஒரு சாணுக்கும் குறைவான இடைவெளியில் வரிசையாகத் துளையிட்டு, நீர் விலக்கும் திரவத்தை ஏற்றுவார்கள்; 20, 30 ஆண்டு உத்தரவாதச் சீட்டு கொடுப்பார்கள். செங்கல் சுவரில் கலவைப் படுகை நேராக ஓடும், திரவம் பரவ இடம் உண்டு. நடுவில் வெற்றிடங்களும் ஒழுங்கற்ற கற்களும் நிறைந்த இந்தச் சுவரில் அது பாதி வழியில் தேங்கிவிடும், அல்லது ஏதாவது பொந்தில் ஓடிவிடும். மூன்று முறை துளையிட்ட தடம் உள்ள சுவர்களை இவர் கண்டிருக்கிறார்: ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று வரிசை, மூன்று உத்தரவாதச் சீட்டு, நனைந்த சுவர் ஒன்று.

விற்பனைக்கு முன்னால் வந்து பார்க்கும் ஆட்கள் கையில் ஒரு மின்சாரக் கருவி இருக்கும். இரண்டு ஊசிகளைச் சுவரில் குத்தினால் விளக்கு சிவக்கும். அந்தக் கருவி மரத்தின் ஈரத்தை அளக்க அளவிடப்பட்டது. சுவரில் அது காட்டுவது மின்சாரம் எவ்வளவு எளிதாக ஓடுகிறது என்பதை மட்டும். மண்ணிலிருந்து வந்த உப்பு, புகைபோக்கியின் கரிப் புகை விட்டுப்போன உப்பு, பழைய ஜன்னல் ஓரத்து உலோகம், எல்லாமே விளக்கைச் சிவக்க வைக்கும். இவரும் அதை வைத்திருக்கிறார். எங்கே கூடுகிறது, எங்கே குறைகிறது என்ற வரைபடம் போட அது உதவும். தீர்ப்புச் சொல்ல உதவாது. சந்தேகம் வந்தால் சுவரில் துளையிட்டு எடுத்த தூளை எடை போட்டு, கால்சியம் கார்பைடோடு ஒரு சிறு உருளையில் அடைத்துக் குலுக்குவார். ஈரத்தோடு சேர்ந்து அசிட்டிலீன் வாயு எழும். உருளையின் அடியில் உள்ள அழுத்தமானி எவ்வளவு நீர் என்று காட்டும். விற்பவர் துளையிட அனுமதிக்காத வீடுகளே அதிகம். அப்போது கைகொடுப்பவை விரல் முட்டியும் மூக்கும். விட்டுப்போன பூச்சு தட்டினால் பொள்ளென்று ஒலிக்கும். நாட்பட்ட ஈரத்தின் வாசனையும் குளியலறை ஆவி படிந்த வாசனையும் வேறு வேறு.

லான்ஸ்டவுன் குன்றின் சரிவில் ஒரு வரிசை வீடு. ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் அதன் தோட்டத்து வீட்டுக்கு விலை பேசிவிட்டு இவரை அழைத்தார். வாழ்நாளெல்லாம் மூன்றாம் மாடியில் குடியிருந்தவர்; ஒரு பிடி மண் வேண்டும் என்ற ஆசை. விளம்பரப் படம் மே மாதத்தில் எடுத்தது, சுவரெல்லாம் ஊதா விஸ்டேரியா பூ. இவர் போனது பிப்ரவரியில், மழை பெய்துகொண்டிருந்தபோது. தொழிலுக்கு அதுதான் நல்ல நாள்.

முன்னறை நன்றாகவே இருந்தது. ஜன்னலின் பக்கச் சுவரில் மடிந்து ஒளிந்துகொள்ளும் மரக் கதவுகள் இன்னும் மடிந்தன, விரிந்தன. பின்பக்க அடுக்களையில், இடுப்புக்குச் சற்று மேலே, சுவர் நெடுக ஒரு பழுப்புக் கோடு. கீழே தட்டினால் சிமெண்டின் கெட்டியான ஒலி. தரையில் மரம்போன்ற விரிப்பு. ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்தபோது கீழே பிளாஸ்டிக் தாள், அதன் அடிப்பக்கம் முத்து முத்தாக நீர், அதற்கும் கீழே சாம்பல் நிறப் பென்னன்ட் கல். கல்லின் ஓரங்கள் கால் பட்டுத் தேய்ந்து வழவழப்பாக இருந்தன. அங்கே குந்தி உட்கார்ந்து கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். இருநூறு ஆண்டுச் சமையல்காரிகளின் காலடி அது. அதைப் பிளாஸ்டிக் மூடியிருந்ததால் தரை வழியாகப் போகவேண்டிய ஈரமும் சுவரோரத்துக்குத் தள்ளப்பட்டிருந்தது.

மழையில் தோட்டத்துக்குப் போனதும் மீதியும் விளங்கியது. யாரோ ஒரு காலத்தில் சுவரை ஒட்டியே கான்கிரீட் மேடை போட்டிருந்தார்கள். அதன் மட்டம் உள்ளே இருக்கும் தரையைவிட ஒரு சாண் உயரம். மழைநீர் மேடையில் தெறித்துச் சுவரில் அடித்தது. சரிவும் வீட்டை நோக்கியே இருந்தது. விஸ்டேரியாவின் பின்னால் மழைநீர்க் குழாயின் மூட்டு விரிந்து, கல்லில் பச்சைப் பாசி.

"ஈரம் இருக்கிறதா இல்லையா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்" என்று கேட்டார் ஆசிரியை.

"இருக்கிறது. ஆனால் இந்த ஈரத்தை வீடு உண்டாக்கவில்லை. மேடையை உடையுங்கள், குழாயைச் சரிசெய்யுங்கள், சிமெண்டை எடுங்கள். அப்புறம் சுவருக்கு நேரம் கொடுங்கள்."

"எவ்வளவு நேரம்?"

கொத்தனார்கள் சொல்லும் கணக்கு, 25 மில்லிமீட்டர் கனத்துக்கு ஒரு மாதம். அரை மீட்டர் சுவர் என்றால் ஒன்றரை ஆண்டுக்கு மேல். அதை அப்படியே சொன்னார். விற்பனை முறிந்துவிடும் என்று ஏஜென்ட் முகம் சுளித்தார். இந்த இடத்தில் மென்று விழுங்குகிற ஆய்வாளர்கள் உண்டு. அறிக்கையில் "மேற்கொண்டு நிபுணரை அணுகவும்" என்று எழுதி நகர்ந்துவிடுவார்கள். அந்த நிபுணர் ஊசி மருந்து விற்பவராகவே இருப்பார். ஆய்வுக்குக் காசு கொடுத்த பெண்மணிக்கு அது செய்கிற துரோகம் என்றே இவர் கருதுகிறார்.

அடுக்களையிலிருந்து தோட்டத்துக்குத் திறந்த இரட்டைக் கண்ணாடிக் கதவு இன்னொரு கேள்வியை எழுப்பியது. அது 18ஆம் நூற்றாண்டுக் கதவு இல்லை. ஜன்னலின் அடிச்சுவரை அறுத்துப் பின்னாளில் வைத்தது. பாதுகாப்புப் பட்டியலில் உள்ள கட்டடத்தில் ஒப்புதல் வாங்காமல் இப்படிச் செய்வது 1990-ஆம் ஆண்டின் சட்டப்படி குற்றம். செய்தவர் எப்போதோ போயிருக்கலாம். பழையபடி ஆக்கு என்று நோட்டீஸ் கொடுக்கும் உரிமைக்குக் காலவரம்பு இல்லை, நோட்டீஸ் வருவது இன்றைய உரிமையாளருக்கு. பாத் நகரத்தில் சுமார் 5,000 கட்டடங்கள் இந்தப் பட்டியலில் இருக்கின்றன. நகரமே 1987 முதல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னம். தோட்டத்துச் சுவர்கூட, 1948 ஜூலை முதல் தேதிக்கு முன்பு கட்டியதாக இருந்து வீட்டு மனைக்குள் அடங்கினால், வீட்டோடு சேர்த்தே பாதுகாக்கப்படும். மரத்தை வெட்டுவதென்றாலும் ஆறு வாரம் முன்னதாக நகராட்சிக்குத் தெரிவிக்க வேண்டும். இவற்றைத் தொல்லை என்று சொல்பவர்களோடு இவர் வாதாடுவார். இந்தப் பாதுகாப்பு இவ்வளவு இறுக்கமாக இல்லாத காலத்தில் என்ன நடந்தது என்பதை இந்த நகரம் கண்டிருக்கிறது. 1960களிலும் எழுபதுகளின் தொடக்கத்திலும் ஜார்ஜியன் என்ற அந்தக் காலப் பாணியில் அமைந்த எளிய தெருக்கள் பல மொத்தமாக இடித்துத் தள்ளப்பட்டன. அந்தக் கதவுக்கு நகராட்சிக் கோப்பில் ஒப்புதல் இல்லை. வைத்துக்கொள்வதற்கு இப்போது விண்ணப்பிக்கலாம் என்று இவர் எழுதினார்; கிடைக்கும் என்று எழுதவில்லை.

சில விஷயங்களைச் சுருக்கமாகவே பார்ப்பார். சுண்ணக்கல் பகுதிகளில் தரைக்கடியிலிருந்து ரேடான் என்ற கதிரியக்க வாயு கசியும். அடித்தளத்தில்தான் அது தேங்கும். கன மீட்டருக்கு 200 பெக்கரல் தாண்டினால் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பது பிரிட்டனின் அளவு. மூன்று மாதம் சிறு டப்பா ஒன்றை வைத்துச் சோதித்தால் தெரிந்துவிடும். அதிகமானால் தரைக்கடியில் ஒரு சிறு உறிஞ்சு விசிறி போதும். மேல்தளத்து நடை ஒலி கேட்கும், அதற்கு முழுத் தீர்வு இல்லை. சரிவைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று யோசிப்பார். சற்றுத் தள்ளி இருக்கும் கேம்டன் கிரசென்ட் 1788-இல் தொடங்கி, மண்சரிவால் ஒரு பக்கம் கட்டவே முடியாமல் நின்றுபோனது. அதன் நடு முகப்பு இன்று நடுவில் இல்லை.

மீதி வேலை காகிதத்தில். இங்கிலாந்தில் அடுக்ககத்தில் ஒரு வீடு வாங்குகிறவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் நீண்டகாலக் குத்தகை. மனையும் கட்டடமும் வேறொருவருடையது. ஆசிரியை வாங்கவிருந்த வீட்டின் குத்தகையில் 83 ஆண்டு மிச்சம். இது 2025-க்கு முந்தைய கதை. 80-க்குக் கீழே இறங்கிவிட்டால், குத்தகையை நீட்டிக்கும்போது வீட்டு விலையில் ஏறும் மதிப்பில் பாதியையும் மனைக்காரருக்குக் கொடுக்க வேண்டும். (அதை நீக்கும் சட்டம் 2024-இல் நிறைவேறியும் அந்தப் பிரிவு உடனே நடைமுறைக்கு வரவில்லை.) அன்றைய விதிப்படி வாங்கியவர் இரண்டு ஆண்டு காத்திருந்துதான் நீட்டிப்புக் கேட்க முடியும். அதற்குள் 80-ஐ நெருங்கிவிடும். வழக்கறிஞர்களுக்குத் தெரிந்த வழி ஒன்று உண்டு: விற்பவரையே நோட்டீஸ் கொடுக்கச் சொல்லி, அந்த உரிமையையும் வீட்டோடு சேர்த்து மாற்றிக்கொள்வது. 1993-ஆம் ஆண்டுச் சட்டப்படி 90 ஆண்டு கூடும்; நில வாடகையும் இல்லாமல் போகும். கூரைக்கோ முகப்புக்கோ வேலை எடுக்கும்போது ஒருவர் பங்கு 250 பவுண்டைத் தாண்டினால் முன்கூட்டியே எல்லாரையும் கலந்தாக வேண்டும் என்ற விதியும் உண்டு. கடந்த ஆண்டுகளில் அப்படி வந்த நோட்டீஸ்களைக் கேட்டு வாங்கிப் படித்தால் கட்டடத்தின் மருத்துவக் குறிப்பே கையில் கிடைத்ததுபோல்.

குத்தகை வரைபடத்தை இவர் மேசையில் வைத்துப் படிப்பதில்லை. நகலை எடுத்துக்கொண்டு தோட்டத்தில் நின்று படிப்பார். லான்ஸ்டவுன் வீட்டில் அது பலன் கொடுத்தது. சிவப்புக் கோடு தோட்டத்தின் கடைசிச் சுவர் வரை போகவில்லை. பழைய பேரிக்காய் மரத்தின் இந்தப் பக்கமே நின்றுவிட்டது. மரமும் அதற்கு அப்பால் உள்ள காய்கறிப் பாத்தியும் மனைக்காரருடையவை. விற்பவர் பல ஆண்டாக அதில் உருளைக்கிழங்கு போட்டு வந்தார், யாரும் கேட்கவில்லை. அது போக, மேல்தளத்துக்காரர்கள் துணி உலர்த்தத் தோட்டத்துக்கு வந்துபோகலாம் என்று இன்னொரு வரி.

இந்தத் தோட்டங்கள் முதலில் கீழ்த்தளத்தாருக்கு அமைந்தவையே அல்ல. சர்க்கஸில் நான்காம் எண் வீட்டின் பின்னால் 1980களில் தொல்லியலாளர்கள் தோண்டிப் பார்த்து, 1760களின் தோட்டத்தை அப்படியே மீட்டு வைத்திருக்கிறார்கள். புல் கிடையாது. களிமண் கலந்த சரளைத் தரை, அதில் அளவெடுத்த பூப்பாத்திகள். மாடி ஜன்னலிலிருந்து பார்த்து ரசிக்கப் போட்ட கோலம் அது. அடுக்களைப் பெண்கள் அதன் ஓரமாகக் குப்பைக்கும் தண்ணீருக்கும் போய்வந்திருப்பார்கள். இன்று அதே தளத்தில் குடியிருப்பவர் கதவைத் திறந்து காலையில் தேநீரோடு மண்ணில் இறங்கி நடக்கிறார் என்பது இவருக்கு உண்மையாகவே மகிழ்ச்சி தரும் மாற்றம். அதனால்தான் இத்தனை குறை கண்டாலும் தோட்டத்து வீடு வேண்டாம் என்று யாரிடமும் சொன்னதில்லை. 2022 ஜூலையில் இங்கிலாந்தில் முதல்முறையாக வெப்பம் 40 டிகிரியைத் தாண்டியபோது, மேல்மாடிக்காரர்கள் தவித்துக் கிடக்க, அரை மீட்டர் கல்லுக்குப் பின்னால் கல்தரையில் வெறுங்காலோடு நின்றவர்கள் இந்தக் கீழ்த்தளத்தார்தான்.

ஆசிரியை அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு விலை பேசினார். விற்பவர் கொஞ்சம் இறங்கினார், குத்தகை நோட்டீஸும் கொடுத்தார். முதல் கோடையிலேயே கான்கிரீட் மேடை உடைந்தது. சுவரோரம் தரையைத் தாழ்த்திச் சரளை போட்டார்கள். சிமெண்டை உளியால் மெதுவாகக் கொத்தி எடுத்து, சுவரை இரண்டு குளிர்காலம் வெறுமையாகவே விட்டு, பிறகு சுண்ணாம்பும் மணலும் ரோமமும் சேர்த்து மூன்று பூச்சு. பிளாஸ்டிக் தாள் போயிற்று. பென்னன்ட் கல்லைக் கழுவியதோடு சரி, மெழுகு பூச வேண்டாம் என்று இவர் தடுத்தார். அடைத்திருந்த புகைபோக்கியில் ஒரு காற்றுத் துளை. கண்ணாடிக் கதவுக்கு நகராட்சி ஒப்புக்கொண்டது, கதவின் சட்டகத்தை மரத்தில் மெல்லிதாக மாற்ற வேண்டும் என்ற நிபந்தனையோடு. அந்த வேலைக்கு 20 சதவீத வரி விழுந்தது. 2012 அக்டோபருக்கு முன்பு, ஒப்புதல் பெற்ற மாற்றங்களுக்கு அந்த வரி இல்லை.

பேரிக்காய் மரம் நெடுநாள் இழுத்தது. மனைக்காரர் முதலில் பதிலே போடவில்லை. பிறகு ஒரு விலை சொன்னார். பிறகு அதைக் குறைத்தார். குத்தகையைத் திருத்தும் பத்திரத்தில் சிவப்புக் கோடு ஒருவழியாகக் கடைசிச் சுவர் வரை நீண்டது. துணி உலர்த்தும் உரிமையையும் நீக்கிவிடலாமா என்று வழக்கறிஞர் கேட்டதற்கு, இருந்துவிட்டுப் போகட்டும் என்றார் ஆசிரியை. வெயில் அடிக்கும் சனிக்கிழமைகளில் இரண்டாம் தளத்து இளைஞர் கூடையோடு இறங்கி வருகிறார். போகும்போது, பருவமாக இருந்தால், அதே கூடையில் பேரிக்காய் போட்டு அனுப்புகிறார் அந்த அம்மா.